சாப்ட்பால்: பிள்ளைகளுக்கு மட்டை வீசும் பயிற்சி

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சாப்ட்பால் என்னும் விளையாட்டைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறோம். குடிநீரையும் சாலையையும் பாசன வாய்க்காலையும் பற்றிப் பேசும் இடத்தில் பந்துக்கும் மட்டைக்கும் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஊர்ப் பொது நிலமும் நெல் உலர்களமும் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஓடுகிற இடமும் பெரும்பாலும் அவைதாம். ஆதலால் அவர்கள் அங்கே எவ்வாறு ஆடுகிறார்கள் என்பது உங்கள் ஆலோசனைக்கு உரிய பொருளே.

இந்த ஆட்டம் அமெரிக்காவில் சிகாகோ நகரில் 1887-ம் ஆண்டில் தோன்றியது. ஜார்ஜ் ஹான்காக் என்பவரும் அவருடைய நண்பர்களும் ஒரு சங்கக் கட்டிடத்துக்குள் கூடியிருந்தபோது, ஒரு குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கோலை மட்டையாக்கி விளையாடியதே இதன் தொடக்கம் என்று வரலாறு கூறுகிறது. கைக்கு அகப்பட்ட பொருள்களைக் கொண்டு பிறந்த ஆட்டத்தை, கைக்கு அகப்படும் பொருள்களைக் கொண்டே கற்பிக்கவும் முடியும். இன்று நாங்கள் சொல்ல வந்த செய்தியும் அதுவே.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அணிக்கு ஒன்பது பேர். அறுபதடிப் பக்கமுள்ள ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள் உண்டு. பந்தெறிபவர் கையைக் கீழிருந்து வீசிப் பந்தை எறிவார். அடிப்பவர் அதை மைதானத்துக்குள் அடித்துவிட்டுத் தளங்களைச் சுற்றி ஓடவேண்டும். மகளிர் ஆட்டத்தில் எறியும் தூரம் 43 அடி. சிறுவர் சிறுமியர்க்கு அது குறைக்கப்படுவதும் உண்டு. உலக அரங்கில் இது பெரிதும் மகளிர் ஆட்டமாகவே புகழ் பெற்றிருக்கிறது. 1996-ம் ஆண்டு அட்லாண்டாவில் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம் பெற்றது. 2008-ல் பெய்ஜிங்கிலும், 2021-ல் டோக்கியோவிலும் ஜப்பானிய மகளிர் தங்கம் வென்றனர். நம் நாட்டின் பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும் ஆண், பெண் இருபாலார்க்கும் இந்த ஆட்டம் இடம் பெற்றிருக்கிறது. கிரிக்கெட் மட்டை கையில் கிடைக்காமல் எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்கிற சிறுமியருக்கு இது ஒரு வாயில் என்று நாங்கள் கருதுகிறோம்.

ஆனால் இந்த ஆட்டத்தில் பந்தை அடிப்பது எளிதன்று. தேர்ந்த மகளிர் எறியும் பந்து மணிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும். கையைவிட்டுப் புறப்பட்ட பந்து அடிப்பவரை அடைய அரை வினாடிகூட ஆவதில்லை. அந்தச் சிறு இடைவெளிக்குள் பந்தைக் கண்டு, அடிக்கலாமா விடலாமா என்று முடிவு செய்து, மட்டையையும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். யோசித்துச் செய்யக்கூடிய வேலையன்று இது; கையும் கண்ணும் பழகியிருந்தாலொழிய நடவாது. பழக்கமோ எண்ணிக்கையால் வருவது.

எண்ணிக்கை என்றதும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது பிள்ளைகள், ஒரு மட்டை, ஒரு பந்து, ஒரு மணி நேரம். ஒருவர் எறிய, ஒருவர் அடிக்க, மற்றவர் நின்று பார்க்கிறார்கள். பந்தைத் தேடி எடுத்து வரும் நேரத்தையும் சேர்த்து இருபது வினாடிக்கு ஒரு பந்து எறிவதாகக் கொண்டால் மொத்தம் 180 பந்துகள். எறிபவரும் சிறுபிள்ளையே ஆதலால் பாதிப் பந்துகள் மட்டைக்கு எட்டாமல் போய்விடும். எஞ்சிய தொண்ணூறை இருபது பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நான்கு அல்லது ஐந்து வீச்சு. மாலை முழுவதும் மைதானத்தில் இருந்துவிட்டு, ஐந்து தடவை மட்டை வீசிய பிள்ளை என்ன கற்றிருக்கும்? அந்த ஐந்திலும் வலுத்தவன் இரண்டைப் பறித்துக்கொள்வான். வெட்கப்பட்டு ஒதுங்கும் சிறுமிக்கு ஒன்றும் கிடைக்காது. சில நாளில் அவள் வருவதையே நிறுத்திவிடுவாள். அந்தப் பெண்ணுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை என்று நாமும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

பயிற்சிச் சாதனங்களின் பிரயோசனம் இங்கேதான் விளங்குகிறது. அவற்றுள் முதன்மையானது பந்துத்தாங்கி. இடுப்பளவு உயரமுள்ள ஒரு குழாயின் உச்சியில் பந்தை வைத்து, நிற்கிற பந்தை அடிக்கப் பழகுவது. கடையில் வாங்கவேண்டிய அவசியமில்லை. பழைய பெயின்ட் வாளியில் சிமென்டுக் கலவையை ஊற்றி, நடுவே ஒரு பிளாஸ்டிக் குழாயை நிமிர்த்தி நிறுத்துங்கள். அதனுள் நுழையும் சிறிய குழாய் ஒன்றைச் செருகி, துளையிட்டு ஆணி மாட்டினால் பிள்ளையின் உயரத்திற்கு ஏற்ப ஒன்றரை அடியிலிருந்து மூன்றரை அடிவரை ஏற்றி இறக்கலாம். உச்சியில் மட்டும் வளையக்கூடிய ரப்பர் வேண்டும். மட்டை பந்துக்குக் கீழே பட்டால் வெறுங்குழாய் உடைந்து போகும், கையும் அதிரும். டிராக்டரிலிருந்து கழித்துப்போட்ட ரேடியேட்டர் குழாயில் ஒரு சாண் துண்டு இதற்கு மிகவும் பொருத்தம். அது நம் ஊர்களில் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும்.

தாங்கியை எங்கே வைப்பது என்பதில் பலர் தவறிவிடுகிறார்கள். பிள்ளையின் வயிற்றுக்கு நேராக வைத்துவிடுவது வழக்கம். அவ்வாறு வைத்தால் கைகள் மடங்கிய நிலையிலேயே பந்து மட்டையில் படும். வீச்சில் வலு இராது. நடுவில் வரும் பந்துக்குத் தாங்கி முன்காலுக்கு நேராக நிற்க வேண்டும். உடலை ஒட்டி வரும் பந்துக்கு அதனினும் சற்று முன்னே. விலகி வரும் பந்துக்குச் சற்றுப் பின்னே. இந்த மூன்று இடங்களிலும் சுண்ணாம்பால் புள்ளி இட்டுவிட்டால் பிள்ளைகள் தாமே மாற்றி வைத்துப் பழகுவார்கள்.

தாங்கி ஓர் ஊமை ஆசிரியர். எனினும் தவறு நேர்ந்தால் அடையாளம் காட்டத் தவறாது. மட்டை ரப்பரில் பட்டால் வீச்சு தாழ்ந்துவிட்டது. பந்து தரையில் மோதினால் வீச்சு பந்தின் மேற்பாதியில் பட்டிருக்கிறது. வானை நோக்கி எழும்பினால் பின்தோள் சரிந்திருக்கும். பத்தடி தூரத்தில் வலையொன்றைக் கட்டி, மார்பளவு உயரத்தில் சிவப்புத் துணி ஒன்றை முடிந்துவிட்டால், பத்துப் பந்தில் எத்தனை அந்தத் துணியை நோக்கிச் சென்றன என்று பிள்ளைகளே எண்ணி நோட்டில் எழுதிக்கொள்ளலாம். பழைய மீன்வலையோ, நாற்றங்காலுக்குக் கட்டும் நிழல்வலையை இரண்டாக மடித்ததோ போதும். வலையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் பந்து அடித்தவர் முகத்துக்கே திரும்பி வரும்.

பயிற்சிக்குப் பந்துகள் பல வேண்டும். உண்மையான பந்துகள் இரண்டு போதும். மற்றவை கந்தல் துணியை இறுக உருட்டிப் பருத்தித் துணியால் மூடித் தைத்தவையாக இருக்கலாம். ஊரிலுள்ள மகளிர் சுய உதவிக் குழுவினர் ஓர் உச்சிப்பொழுதில் இருபது பந்துகள் தைத்துவிடுவார்கள். துணிப்பந்து தொலைவு போகாது; அதனால் தேடும் நேரமும் மிச்சம்.

மட்டையைப் பற்றியும் ஒரு சொல். வளர்ந்தவர் மட்டையைச் சிறுவர் கையில் கொடுப்பது நாம் எங்கும் காணும் தவறு. விதிப்படி மட்டையின் உச்ச நீளம் 34 அங்குலம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 28 முதல் 31 அங்குலமும், அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடிய எடையும் போதும். பிள்ளை ஒரு கையால் மட்டையைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்து முப்பது வரை எண்ணட்டும். அதற்குள் கை தாழ்ந்துவிட்டால் மட்டை கனம் என்று பொருள். கனமான வளையத்தை மட்டையில் மாட்டிச் சுழற்றிவிட்டு அடிக்கப் போனால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை பெரிய வீரர்களிடமும் உண்டு. மட்டை இலேசானதுபோல் தோன்றுமே தவிர வேகம் கூடுவதில்லை, சில வேளை குறைந்தும் போகிறது என்று ஆய்வாளர் அளந்து காட்டியிருக்கிறார்கள். மரத்தில் டயரைத் தொங்கவிட்டு ஓங்கி அடிக்கச் சொல்வதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பிள்ளையின் மணிக்கட்டும் நோகும், மட்டையும் கெடும்.

தாங்கியில் பழகிய பிறகு அசையும் பந்து. ஒருவர் பக்கவாட்டில், சற்று முன்னே தள்ளி மண்டியிட்டு அமர்ந்து, அடிப்பவரின் முன் இடுப்பை நோக்கிப் பந்தை மெல்லத் தூக்கிப் போட, அவர் அதை வலைக்குள் அடிக்கவேண்டும். இதற்குத் துணிப்பந்தே தகும். அடுத்த படியில் மூங்கில் சட்டத்தில் கட்டிய வலைக்குப் பின்னே நின்று, பதினைந்து இருபதடித் தூரத்திலிருந்து நேராகப் போடலாம்.

கண்ணைப் பழக்குவதற்கு ஒரு நல்ல வழியை டொமினிக்கன் குடியரசு என்னும் தீவு நாட்டில் காண்கிறோம். அமெரிக்க பேஸ்பால் அணிகளுக்குப் புகழ்பெற்ற வீரர்களை ஏராளமாகத் தந்த சிறு நாடு அது. அங்கே தெருப்பிள்ளைகள் பெரிய தண்ணீர்ப் புட்டிகளின் மூடியை எறிந்து, துடைப்பக் கோலால் அடித்து ஆடுவார்கள்; விட்டீயா என்று அதற்குப் பெயர். மூடி காற்றில் வளைந்தும் தாழ்ந்தும் வரும், கோலோ ஒல்லியானது. அதை அடிக்கப் பழகிய கண்ணுக்குப் பந்து பெரிதாகத் தோன்றும். தண்ணீர்க் கேன் மூடிகளுக்கு இன்று நம் ஊர்களிலும் பஞ்சமில்லை. கிட்டிப்புள்ளை நுனியில் தட்டி, அது எழும்பிய கணத்தில் அடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்த வித்தை பாதி கைவந்ததே. புள்ளினால் கண்ணுக்கு நேரும் தீங்கு மூடியால் அவ்வளவாக நேராது என்பது மற்றோர் ஆறுதல்.

மட்டையை வீசாமலே செய்யும் பயிற்சி ஒன்றும் உண்டு. பந்துகளில் சிவப்பு, நீலம், பச்சை என்று வண்ணப் புள்ளிகள் இட்டு, தலைக்கவசம் அணிந்த பிள்ளையை அடிக்கும் இடத்தில் நிறுத்தி எறியுங்கள். பந்து கடந்து போகுமுன் அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவே. சோம்பேறிப் பயிற்சிபோல் தோன்றும். ஆனால் பந்தைக் கடைசிவரை பார்க்கும் வழக்கத்தை உண்டாக்க இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது.

இவ்வளவும் சொன்ன பின் ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். தாங்கி நாற்றங்கால் போன்றது. நாற்று அங்கேயே கிடந்து முற்றிப்போனால் பயனில்லை. பருவத்தில் பிடுங்கி வயலில் நடவேண்டும். 2004-ம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில், ஜென்னி பின்ச் என்னும் சாப்ட்பால் வீராங்கனை பேஸ்பால் வீரர்களுக்குப் பந்து எறிந்தார். எதிரே மட்டையோடு நின்றவர்களுள் ஒருவர் ஆல்பர்ட் புஹோல்ஸ். டொமினிக்கன் குடியரசில் பிறந்தவர், முந்தைய ஆண்டில் தம் லீக்கிலேயே அடிப்பதில் முதலிடம் பெற்றவர். அவரால் அந்தப் பந்தைத் தொட முடியவில்லை. அவர் கை வேகத்தில் குறைந்தவர் அல்லர். மேலிருந்து எறியும் கையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கீழிருந்து சுழன்று இடுப்பருகே பந்தை விடுவிக்கும் கை புதிது. பந்து எங்கே வரும் என்பதைத் தேர்ந்த கண் அந்தக் கையின் அசைவிலிருந்தே ஊகிக்கத் தொடங்கிவிடுகிறது. நிற்கிற பந்து இதைக் கற்பிக்காது. சக்கரங்கள் சுழன்று பந்தை உமிழும் இயந்திரமும் கற்பிக்காது. அதற்குக் கை இல்லையே. ஊர்ப் பணத்தில் அந்த இயந்திரத்தை வாங்கலாமா என்று எங்களைக் கேட்டால், முதல் செலவாக வேண்டாம் என்றே சொல்வோம். அந்தப் பணத்தில் பாதிக்கு நல்ல மட்டைகளும் தலைக்கவசங்களும் வாங்கலாம். இரண்டு சிறுமியரைப் பந்தெறியப் பழக்கினால் மற்றவர்க்கும் பயிற்சி கிடைக்கும்.

இன்னொன்று. ஒரே வகைப் பந்தை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் பிள்ளை அழகாக அடிக்கும். பார்க்கிற நமக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். ஆட்டத்திலோ அப்படி வருவதில்லை. 1994-ம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் வீரர்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவினர்க்கு மூன்று வகைப் பந்துகளை வகைக்குப் பதினைந்தாக அடுத்தடுத்து எறிந்தனர். மற்றொரு பிரிவினர்க்கு அதே நாற்பத்தைந்து பந்துகளை வரிசை தெரியாதபடி கலந்து எறிந்தனர். ஆறு வாரங்களுக்குப் பின் சோதித்தபோது, கலந்து அடித்தவர்களே மிகுந்த முன்னேற்றம் கண்டிருந்தனர். நம் பிள்ளைகளுக்கும் தொடக்கத்தில் ஒரே இடத்தில் போட்டு வீச்சை அமைத்துக் கொடுத்தபின், உயரம், தாழ்வு, அருகு, விலகல் என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட வேண்டும். அப்போது தவறுவார்கள். தவறட்டும், ஓரத்தில் நிற்கும் பெரியவர்கள் கேலி செய்யாதிருந்தால் போதும்.

இனி அந்த இருபது பிள்ளைகளின் கணக்கை மறுபடி போடுவோம். நான்கு நான்கு பேராக ஐந்து குழுக்கள். ஒரு குழு தாங்கியில், ஒன்று பக்கவாட்டுப் பந்தில், ஒன்று மூடியும் கோலுமாக, ஒன்று நிறம் சொல்வதில், ஒன்று எறிபவரை எதிர்கொண்டு உண்மையான பந்தில். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதி இடம் மாற்றினால் ஐம்பது நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். தாங்கியிலும் பக்கப்பந்திலும் மூடியிலும் ஆளுக்குப் பதினைந்து வீச்சு, உண்மையான பந்தில் நான்கைந்து. ஐந்து வீச்சுக்குப் பதில் ஏறத்தாழ ஐம்பது! ஒருவர் முறையை மற்றவர் பறிக்கவும் வழியில்லை; தாங்கி யாருக்கும் முகதாட்சணியம் காட்டாது.

பாதுகாப்பைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. சாப்ட்பால் என்றால் மெத்தென்ற பந்து என்று பெயர் நம்மை ஏமாற்றுகிறது. பன்னிரண்டு அங்குலச் சுற்றளவுள்ள அந்தப் பந்து 178 முதல் 198 கிராம் வரை எடையுள்ளது. கிரிக்கெட் பந்தைவிடக் கனமானது. எனவே உண்மையான பந்தை எதிர்கொள்ளும் பிள்ளை தலைக்கவசம் இன்றி நிற்கக்கூடாது. பந்தைவிட மட்டையே அதிக ஆபத்து விளைவிப்பது. அடிக்கும் ஒவ்வோர் இடத்தைச் சுற்றியும் பத்தடி ஆரத்தில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, அடிப்பவரையும் பந்து போடுபவரையும் தவிர வேறெவரும் அதற்குள் நுழையலாகாது என்று கண்டிப்புச் செய்யவேண்டும். பந்து போடுபவரும் மட்டை எட்டாத ஓரத்தில்தான் அமரவேண்டும். விசில் ஊதி எல்லா மட்டைகளும் தரைக்கு வந்த பிறகே பந்து பொறுக்கப் போகவேண்டும். வேடிக்கை பார்க்க வரும் சிறு குழந்தைகள்தாம் பெரும்பாலும் வட்டத்துக்குள் ஓடிவருகிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் அன்றாடம் வந்து நின்றால் அது பெரிய உதவி.

முழு ஆட்டத்துக்கு விரிந்த மைதானம் தேவை. பயிற்சிக்கு அவ்வளவு வேண்டியதில்லை. அறுவடை இல்லாத மாதங்களில் உலர்களம் சும்மா கிடக்கிறது. தாங்கியும் வலையும் அதன் ஓரத்தில் அடங்கிவிடும். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களின் கவலையை நாங்கள் அறிவோம். எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் அவர்கள் மைதானத்துக்கு வருவது குறைந்துவிடுவதையும் காண்கிறோம். இடம் வீட்டுக்கு அருகில் இருந்து, பக்கத்தில் கழிப்பறை திறந்திருந்து, இருட்டுமுன் பயிற்சி முடிந்துவிட்டால் அந்தக் கவலையில் பாதி நீங்கும். மாலை நான்கரை மணிக்குத் தொடங்கினால் வெயிலும் தணிந்திருக்கும். ஐந்தரைக்குள் வீடு திரும்பிவிடலாம்.

உங்களிடம் நாங்கள் கேட்பது சிறிதே. இரண்டு தாங்கிகள், ஒரு வலை, இருபது துணிப்பந்துகள், சிறுவர்க்கேற்ற இரண்டு மட்டைகள், இரண்டு தலைக்கவசங்கள், இரண்டு நல்ல பந்துகள். இவற்றுள் மட்டை, கவசம், நல்ல பந்து ஆகியவற்றுக்கே பணம் வேண்டும். மற்றவை ஊரில் உள்ளவை. எல்லாவற்றையும் பள்ளியில் வைத்துப் பூட்டி, சாவியை உடற்கல்வி ஆசிரியரிடம் ஒன்றும் ஊராட்சி அலுவலகத்தில் ஒன்றுமாக வையுங்கள். விடுமுறை நாளிலும் பயிற்சி தடைப்படாது. நெல் வந்து இறங்கும் வாரங்களில் உலர்களம் உழவருடையது. அப்போது தாங்கிகளைப் பள்ளித் தாழ்வாரத்தின் வெளிப்புறத்துக்கு மாற்றி, துணிப்பந்தோடு மட்டும் பழகிக்கொள்ளலாம்.